பின்லாந்துச் சூடு

“சம்பந்தி, அந்தக் கல்லுப் பக்கம் மட்டும் கையக் கொண்டு போயிராதிய. தோலு உரிஞ்சிரும்.”

சொல்லிவிட்டு வன்னியபெருமாள் இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டு பலகையில் சாய்ந்தார். தளவாய் மரியாதையாக ஓரடி தள்ளி உட்கார்ந்தார்.

தூத்துக்குடியிலேயே வீட்டில் சானா என்ற வியர்வைக் குளியல் அறை வைத்திருக்கும் ஒரே கிளியரிங் ஏஜென்ட் தான்தான் என்பது வன்னியபெருமாளின் அசைக்க முடியாத நம்பிக்கை. பின்லாந்திலிருந்து கப்பலேறி வந்த மர அறை. மொட்டை மாடித் தகரக் கூரைக்கடியில் அதற்கு இடம் கொடுத்திருந்தார். மூலையில் கல் அடுக்கிய ஹீட்டர். பக்கத்தில் கோயில் விளக்குபோல ஒரு சிவப்பு பல்பு.

சித்திரையில் பிள்ளைகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஓட்டப்பிடாரம் போயிருந்தபோது, தளவாய் தன் வீட்டுக்குள் கட்டிய தியேட்டரைக் காட்டிக் காட்டியே அவரை ஒரு சாண் குறைத்துவிட்டார். கல்யாணத்துக்குள் அந்தச் சாணைத் திரும்ப வாங்கியாக வேண்டும். அதற்குத்தான் இன்றைய அழைப்பு.

ஒரு மாதமாகத் தினமும் இருபது நிமிஷம் உட்காருவதாக வன்னியபெருமாள் சொன்னார். மூட்டுவலி போன இடம் தெரியவில்லையாம். படுத்தால் அடித்துப் போட்டதுபோல் தூக்கம். பிரஷர்கூட இறங்கிவிட்டது. இது ஆவிக்குளியல் மாதிரி நசநசப்பு இல்லை, வறண்ட சூடு. ரத்தம் உடம்பெல்லாம் ஓடும் என்றார். காலையில் அவ்வளவாக எடுக்காது, உச்சிப்பொழுதில்தான் மெஷின் முழு வேகம் பிடிக்கும் என்று நுணுக்கமும் சொன்னார்.

“மாட்ட வந்த எலக்ட்ரீசியன் செந்தில்முருகன் என்னமோ வெளக்கம் சொல்ல வந்தான். கப்பல் சரக்கையே கிளியர் பண்ணுதவன்கிட்ட பெட்டியப் பத்திப் பாடம் எடுக்காதலேன்னு அனுப்பிட்டேன்.”

மோர்ச் செம்போடு கதவைத் திறந்த சீனித்தாய், இத்தனை சூட்டுக்கும் கரண்டு மீட்டர் அசையக் காணோமே என்று ஆச்சரியப்பட்டாள்.

“அதாம்ளா வெளிநாட்டுக்காரன் மூளை” என்றார் கணவர்.

தளவாய் மோரை ஒரே மடக்கில் குடித்தார். நெற்றி வியர்வை மூக்கில் இறங்கி, தாடையில் தொங்கி, தொடையில் சொட்டியது. வன்னியபெருமாள் ஒவ்வொரு சொட்டையும் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

கடைசியில் தளவாய் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“நான் பின்லாந்துக்கே போயி இதுல உக்காந்திருக்கேன் சம்பந்தி. இதே சூடுதான். சொல்லப்போனா, ஒங்களது ஒரு பொட்டு கூடத்தான் இருக்கு.”

பின்லாந்துக்கே போயி என்றதில் வன்னியபெருமாளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த ஒரு பொட்டு, இழந்த சாணுக்கு மேல் இன்னொரு சாணும் சேர்த்துக் கொடுத்தது. நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

கதவு தட்டும் சத்தம். வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு செந்தில்முருகன் நின்றான்.

“அன்னைக்கு நீங்க சொல்லவே விடல அண்ணாச்சி. மூணு பேஸ் லைனு ஈ.பி.ல இன்னைக்குத்தான் குடுத்திருக்காவ. ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய வாங்க, ஹீட்டருக்குக் கனெக்சன் குடுக்கணும். இதுவரைக்கும் அந்தச் செவப்பு பல்பு மட்டும்தான எரியுது.”

பின்லாந்து போய் வந்தவர்தான் முதலில் எழுந்து சட்டையைத் தேடினார்.