கதையில் இல்லாத டொல்பின்

"வாசிக்காம எழுதியிருக்கான்!"

நெய்னார் மாஸ்டர் பேப்பரைச் சுருட்டி ஓட்டோ இருக்கையில் ஓங்கி அடித்தார்.

சிறுவர் கதை எழுதியே தலை நரைத்த மனிதர். அவருடைய புதிய புத்தகம் ஓர் உப்பளக் கழுதையின் கதை. பேப்பரில் விமர்சகர் யாக்கோபு எழுதியதோ, 'இந்த டொல்பினின் இரக்கம் என் நெஞ்சை உருக்கியது' என்கிறது.

"அட்டையில டொல்பின் இருக்குத்தானே," என்றாள் மனைவி நஃபீஸா.

"அது அச்சகக்காரன்ட வேலை. நம்மட கடலுக்கு டொல்பின் பாக்க வாற வெளியூர் ஆக்கள் வாங்குவாங்க எண்டு போட்டான். உள்ளுக்கு ஒரு பக்கம் புரட்டியிருந்தா, கழுதை உதைச்சிருக்கும்!"

"சத்தம் போடாதீங்க. றோட்டில நிக்கிற கழுதையெல்லாம் திரும்பிப் பாக்குது."

"காலையிலயே பேப்பர் ஆசிரியரிட்டச் சொல்லிட்டன். பின்னேரம் திரும்பப் போன் எடுங்க, முடிவு சொல்றன் எண்டார். அந்தாள் இனி அந்தப் பேப்பரில ஒரு வரி எழுதக்கூடாது."

"பாவம். அதை விட்டா அந்த மனுசனுக்கு வேற என்ன இருக்கு?"

"பாவமாம் பாவம்!"

"சரி, இப்ப நிஃப்லாட புத்தகத்தைப் பத்திப் பேசப் போறீங்களே. வாசிச்சீங்களா?"

"பாத்தன், பாத்தன்."

குறிஞ்சிப்பிட்டிப் பள்ளிக்கூட மண்டபம். நிஃப்லா அங்கே டீச்சர். அவளுடைய முதல் புத்தகத்தின் வெளியீடு. முன்வரிசை முழுக்க அவளுடைய வகுப்புப் பிள்ளைகள்.

மைக் கைக்கு வந்ததும் மாஸ்டர் முதலில் விமர்சகர்களைத்தான் பிடித்தார்.

"வாசிக்காம விமர்சனம் எழுதுறவன் ஆரு? நோன்பு பிடிக்காம, கஞ்சிக்கு மட்டும் முதல் ஆளா வந்து குந்துறவன்!"

மண்டபம் கைதட்டியது.

"இனி நிஃப்லாட கதை. தோணியில ஏறிக் கடலுக்குப் போகுதே, அந்தப் பூனை! என்ன துணிச்சல்! பூனைதான் இந்தக் கதைக்கே உயிர்."

முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள்.

"சேர், கதையில பூனையே இல்ல."

"அட்டையில மட்டும்தான் சேர்!" என்றது வரிசை முழுவதும்.

மாஸ்டர் கையிலிருந்த புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். நஃபீஸா முக்காட்டால் வாயைப் பொத்தினாள்.

நிஃப்லா சட்டென்று எழுந்தாள்.

"புள்ளைகளே, சேர் வாசிச்சது என்ட கையெழுத்துப் பிரதியை. அதில பூனை இருந்தது. அச்சுக்குப் போக முதல் நான்தான் வெட்டிட்டன். சேர் சொல்றதைக் கேட்டா, வெட்டியிருக்கக் கூடாதுபோல."

மறுபடி கைதட்டல். மாஸ்டர் அப்படியொரு பிரதியைக் கண்ணால் கண்டதில்லை.

ஓட்டோவில் திரும்பினார்கள். கண்டக்குழிச் சந்தியில் நஃபீஸா கேட்டாள்.

"பேப்பருக்குப் போன் எடுக்கல்லயா?"

மாஸ்டர் நிஃப்லாவின் புத்தகத்தை மடியில் விரித்து, முதல் பக்கத்தில் இருந்தார். தலை நிமிரவில்லை.

"எடுக்கத்தான் போறன். யாக்கோபு வாசிச்சது என்ட கையெழுத்துப் பிரதியை. டொல்பினை வெட்டினது நான்தான் எண்டு சொல்லோணும்."