அறுபடாத பேச்சு

எங்கள் தெருவில் சிக்னல் ஒரு கோடுதான். அதனால் செல்போன் கடைக்காரர் ஒரு ரவுட்டரைக் காட்டி, "இத எடுங்க அண்ணாச்சி. லைன் கட்டானாலும் பேச்சு கட்டாகாது. விட்டுப்போனத ரவுட்டரே பேசி நிரப்பிரும்" என்றார். சிம்மைப் போட்டு ஜன்னலோரம் வைத்தோம்.

எங்களை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு மஸ்கட் போன மகள் ரெஜினா, மூன்று வருடம் கழித்து நேற்று காலை பத்து மணிக்கு வீடியோவில் கூப்பிட்டாள். முதலில் கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு இளகி, கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னாள். என் மனைவி பிலோமி அழுதுகொண்டே பேச்சை விடாமல் தொடர்ந்தாள். நான் மீன் வாங்கக் கிளம்பினேன். வழியில் கடைக்காரர் நின்றார்.

"டவர் பத்து மணிக்கே படுத்துட்டு அண்ணாச்சி. இன்னும் எந்திரிக்கல."

வெறுங்கையோடு வீட்டுக்கு ஓடினேன். பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, வந்துட்டீங்களா? ஒங்க மவகிட்ட பேசுங்க. அவளுக்குப் புடிச்ச சேலைய எடுத்துக் காட்டுறேன்" என்று பிலோமி சிரித்தபடி உள்ளே போனாள்.

திரையில் ரெஜினா குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, டவர் விஷயத்த அம்மாட்ட சொல்லிராதீங்க."

உள்ளே பிலோமி பாடிக்கொண்டே பீரோவைத் திறந்தாள். நான் தலையாட்டினேன்.