வெள்ளி வளையத்தில் ஓர் எழுத்து

பழம்பொருள் கடைக்காரர் அந்தப் பழைய புகை பைப்பின் வெள்ளி வளையத்தை லென்ஸுக்கு அடியில் பிடித்தார். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத இடத்தில் மூன்று முத்திரைகள். அதில் ஓர் எழுத்துதான் பைப் செய்த வருடத்தைக் குறிப்பது.

"எங்கப்பா புகைச்சது சார்," என்றாள் எதிரே இருந்தவள். "நான் பொறக்குறதுக்கு முன்னாடியே தவறிட்டார். எனக்கு இப்ப முப்பத்தஞ்சு. இது எந்த வருஷத்து பைப்னு தெரிஞ்சா போதும்."

எந்த எழுத்துக்கு எந்த வருடம் என்ற பட்டியலைக் கடைக்காரர் புரட்டினார். எழுத்து அச்சாகப் பொருந்தியது. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் செய்தது. அப்போது இவளுக்கு ஒன்பது வயது. வாயில் வைக்கும் முனையும் பல் பதிந்து தேய்ந்திருந்தது. செத்தவர் எப்படிக் கடித்திருப்பார்?

நிமிர்ந்தார். மகளுக்குப் பின்னால் நின்ற அம்மா, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள்.

கடைக்காரர் லென்ஸைக் கீழே வைத்தார். முப்பது வருடத் தொழிலில் ஒரு வருடத்தைக்கூட அவர் மாற்றிச் சொன்னதில்லை.

"நீங்க பொறக்குறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி செஞ்சதும்மா."

அம்மாவுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. மகள் பைப்பைத் துணியில் சுற்றினாள்.

"நீ போய் வண்டியில உக்காரும்மா. வந்துடறேன்."

அம்மா வெளியே போய்க் கதவு சாத்தியதும் மகள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"இதுல பொறிச்சிருக்கிற வருஷம் நான் நாலாங்கிளாஸ் சார். அந்த எழுத்தைப் படிக்க நானே கத்துக்கிட்டேன்."

கடைக்காரர் பட்டியலை மூடினார்.

"யாராவது அம்மா முன்னாடி அதைச் சொன்னா, அப்புறமாவது எங்கப்பாவைப் பத்தி வாயைத் திறப்பாங்கன்னு கடைகடையாக் கூட்டிட்டு அலையறேன். நீங்க நாலாவது ஆள். நாலு பேரும் அம்மா முகத்தைப் பார்த்துட்டுத்தான் வருஷம் சொல்றீங்க."