பூதக்கண்ணாடியின் நோட்டு

"உன் நம்பர் ஏறிடுச்சுடி!" என்று கிசுகிசுத்தாள் ஆறாம் மேஜைக்காரி. "பூதக்கண்ணாடி இப்பத்தான் உன்னைப் பார்த்துட்டு நோட்டைத் திறந்தா."

ஏழாம் மேஜைக்காரி எட்டிப் பார்க்க, மேஜை விளிம்பில் வயிறு இடித்தது. எட்டு மாத வயிறு.

சட்டைத் தொழிற்சாலையின் மடிப்புப் பிரிவு அது. இஸ்திரி ஆகி வரும் வெள்ளைச் சட்டைகளை மடித்து, காலருக்கு அட்டை கொடுத்து, உறையில் போட வேண்டும். மேற்பார்வை பார்க்கும் அம்மாளுக்குப் பெண்கள் வைத்த பெயர்தான் பூதக்கண்ணாடி. ஒரு நூல் பிசிறு அவள் கண்ணுக்குத் தப்பாது. யார் தப்புச் செய்தாலும் மேஜை நம்பர் நோட்டில் ஏறிவிடும். மூன்று முறை ஏறினால் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

"நான் என்னக்கா தப்புப் பண்ணேன்?"

"கையைச் சொறிஞ்சியே, அதான். தொத்து வியாதின்னு நினைச்சிருப்பா."

ஏழாம் மேஜைக்காரி கைகளைச் சட்டென்று சட்டைக் குவியலுக்குள் மறைத்துக்கொண்டாள்.

பத்து நாளாகப் பாழாய்ப்போன அரிப்பு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான் அதிகம். ஒரு தடிப்பு கிடையாது, ஒரு கொப்புளம் கிடையாது. எண்ணெய் தடவிப் பார்த்தாயிற்று. ஈரத்துணி சுற்றிப் பார்த்தாயிற்று. வெட்கத்தை விட்டுச் சீப்பாலும் சொறிந்தாயிற்று.

"வயிறு விரியறப்போ அரிக்கத்தான் செய்யும். நாங்கல்லாம் பெறலையா?" என்றாள் மாமியார்.

"சோப்பை மாத்திப் பாரேன்" என்றான் புருஷன், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

இன்னும் மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு. அதற்குள் வேலை போய்விட்டால்? நினைக்க நினைக்க அரிப்பு கூடியது. செருப்பைக் கழற்றிவிட்டு மேஜைக் காலில் பாதத்தைத் தேய்த்தாள். நிமிர்ந்தால், எதிரே பூதக்கண்ணாடி. கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள், நோட்டில் எழுதுகிறாள்.

"பார்த்தியா, நேரத்தோட எழுதறா!" என்றாள் ஆறாம் மேஜைக்காரி. "பிள்ளை பெத்தவளா இருந்தா பிள்ளைத்தாச்சியை இப்படிப் பாடாப் படுத்துவாளா? கல்யாணமாகி இருபது வருஷமாம், ஒண்ணும் இல்லை. அந்த வயித்தெரிச்சல்தான்."

ஏழாம் மேஜைக்காரியும் ஆமாமென்று தலையாட்டினாள்.

சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அது நடந்தது. நகம் பட்டு உள்ளங்கை கீறியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. மடித்து முடித்த சட்டையின் கையில் கடுகளவு சிவப்புப் பொட்டு. அவசரமாக அந்தச் சட்டையைக் குவியலின் அடியில் செருகினாள்.

"ஏழாம் மேஜை!"

பூதக்கண்ணாடி நேராகக் குவியலின் அடியிலேயே கை விட்டுச் சட்டையை உருவினாள். பொட்டைப் பார்த்தாள். ஏழாம் மேஜைக்காரியின் கையைத் திருப்பி உள்ளங்கையையும் பார்த்தாள்.

"பையை எடு. வெளியே வேன் நிக்குது."

"மேடம், தெரியாம நடந்துடுச்சு மேடம். சட்டையை நானே துவைச்சுக் குடுத்துடறேன். இது தொத்து இல்லை மேடம், மாசமா இருந்தா வர்ற அரிப்புதான்..."

"பேசிக்கிட்டு நிக்காதே. எடு பையை."

அறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஏழாம் மேஜைக்காரி அழுதுகொண்டே வேனில் ஏறினாள். பக்கத்தில் பூதக்கண்ணாடியும் ஏறிக்கொண்டாள். வீட்டு வாசலில் வைத்து மானத்தை வாங்கப் போகிறாளோ என்று ஏழாம் மேஜைக்காரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வேன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அரசு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது.

"எத்தனை நாளா அரிப்பு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

பக்கத்திலேயே பூதக்கண்ணாடி உட்கார்ந்திருக்கும்போது உண்மை எப்படி வாயில் வரும்?

"நேத்துலேருந்துதான் டாக்டர். லேசாத்தான். எப்பவாவதுதான்."

பூதக்கண்ணாடி நோட்டைப் பிரித்தாள்.

"போன திங்கக்கிழமையிலேருந்து நான் பார்க்கறேன் டாக்டர். முதல் நாள் நாலு தடவை, உள்ளங்கை மட்டும். வியாழக்கிழமை பதினொரு தடவை, உள்ளங்காலும் சேர்ந்துக்கிச்சு. இன்னிக்குக் காலையிலேருந்து இதுவரைக்கும் இருபத்தாறு. தடிப்பு எதுவும் இல்லை. இன்னிக்கு ரத்தமே வந்துடுச்சு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதை இன்னும் ஒரு வாரம் மறைச்சிருந்தா ஆபத்தா போயிருக்கலாம்மா. தடிப்பே இல்லாம உள்ளங்கையும் காலும் இப்படி அரிச்சா, கல்லீரல் சரியா வேலை செய்யலையோன்னு உடனே ரத்தம் எடுத்துப் பார்க்கணும். சில பேருக்கு வயித்துல இருக்கற குழந்தைக்கே பாதிப்பு வரும். பயப்படாதே, வந்துட்டே இல்லே? இப்பவே பார்த்துடலாம்."

பிறகு வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கச் செய்தார். டக் டக்கென்று அறை முழுக்கக் கேட்டது. ஏழாம் மேஜைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எங்க வீட்டுல யாருக்குமே தோணலை மேடம். உங்களுக்கு மட்டும் எப்படி...?"

பூதக்கண்ணாடி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் எட்டாம் மாசம் இப்படித்தான் அரிச்சுது. வயிறு விரியுதுன்னு சொன்னாங்க. அப்ப எழுதி வைக்க யாரும் இல்லை."