வசனத்தில் இல்லாத வலி

"இன்னொரு தடவ 'கீது'ன்னு சொன்னா வெளிய அனுப்பிடுவேன்," என்றார் தங்கபுஷ்பம்.

செங்கொடி தலையாட்டினாள். திருவொற்றியூர் நர்சிங் கல்லூரியில் அன்றைக்குச் செய்முறைத் தேர்வு. கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியிடம் பேச்சுக்கொடுத்து, என்ன நோய் என்று சொல்ல வேண்டும்.

மார்க் போடுகிறவர் தங்கபுஷ்பம். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து இத்தனை வருஷம் பாடம் எடுத்தும், இந்த ஊர்ப் பாஷை காதில் விழுந்தாலே அவர் முகம் சுளிப்பார். எண்ணூரிலிருந்து வரும் செங்கொடியைக் கண்டால் முதல் நாளிலிருந்தே அவருக்கு ஆகாது.

நோயாளியாக நடிக்க ஒரு நாடக நடிகையை ஆபீஸில் ஃபோன் போட்டு ஏற்பாடு செய்திருந்தார்கள். வயிற்றுவலி என்று வசனமும் கொடுத்தாகிவிட்டது. காலையில் தங்கபுஷ்பம் வந்து அறையைத் திறக்கும்போதே அந்த அம்மாள் வாசற்படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் இல்லியாம்மா?" என்று கேட்டாள்.

வந்ததுமே வேஷத்தில் இறங்கிவிட்டாளே என்று தங்கபுஷ்பத்துக்குத் திருப்தி. புடவைத் தலைப்பில் மீன் செதில்கூட ஒட்டியிருந்தது. "உள்ள போய்க் கட்டில்ல படுங்க," என்றார்.

இப்போது அவரே கட்டிலருகே வந்து நின்றார். "எப்படிக் கேக்கணும்னு பாத்துக்கோ. அம்மா, உங்கள் உடலில் எந்தப் பகுதியில் வலியை உணர்கிறீர்கள்?"

அந்த அம்மாள் புரியாமல் விழித்தாள். "வலின்னு இல்லமா..."

வசனத்தை மறந்துவிட்டாள் என்று தங்கபுஷ்பத்துக்கு எரிச்சல். அதற்குள் செங்கொடி குனிந்து அவள் கையைப் பிடித்தாள். "யக்கா, மாரு அடச்சிகினு கீதா?"

"ஆமா கண்ணு. கல்லத் தூக்கி வெச்சா மாதிரி கீது. கைய வேற இஸ்துகினு போவுது."

செங்கொடியின் குரல் மாறியது. "மேடம், ஒடம்பெல்லாம் சில்லுனு கீது."

"ஏசி ரூம்ல சில்லுன்னுதான் இருக்கும். கொடுத்தது வயித்துவலி. மாரடைப்புன்னா உனக்கு ஈஸின்னு ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சிட்டீங்களா?"

"இவங்கள நான் பாத்ததே இல்ல மேடம்."

"பாஷை மட்டும் ஒண்ணா இருக்கே. உனக்குப் பூஜ்யம். வெளிய போ."

செங்கொடி போகவில்லை. குனிந்து கட்டில் சக்கரத்தின் பூட்டை விடுவித்தாள். "பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன் மேடம்."

தங்கபுஷ்பம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நடிக்க வந்தவள தள்ளிக்கிட்டுப் போய் எமர்ஜென்சியில நின்னா காலேஜ் மானம் என்ன ஆகும்? இந்த வாசலத் தாண்டினா நாளைக்கு நீ இங்க படிக்க மாட்ட."

"சரி மேடம். கைய எடுங்க."

"எனக்கே ஆர்டர் போடுறியா?"

செங்கொடி கட்டிலை ஓங்கித் தள்ளினாள். கம்பி தங்கபுஷ்பத்தின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. சக்கரங்கள் கடகடவென்று வராந்தாவில் ஓடி, ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பி மறைந்தன.

தங்கபுஷ்பம் நாற்காலியில் உட்கார்ந்து, செங்கொடி பெயருக்கு எதிரே பூஜ்யத்தை அழுத்திப் போட்டார். பிரின்சிபாலிடம் போய் என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே எழுந்தார்.

வாசலில் கைப்பையோடு ஒரு பெண் மூச்சிரைக்க வந்து நின்றாள். காலியாகக் கிடந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கோங்க மேடம், ராயபுரத்துல பஸ்ஸே கிடைக்கல. நான்தான் வயித்துவலி பேஷண்ட்."