சோபாவுக்கு அடியில் ஓர் இன்ஜின்

"பாட்டெல்லாம் வேணாம் தம்பி. இதைப் போடுங்க" என்று அப்பா தன் போனை நீட்டினார்.

கடைக்காரர் போட்டார். சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து ஓர் உறுமல் கிளம்பியது. உறுமிக்கொண்டே இருந்தது. பாட்டு வரும் என்று காத்திருந்த கடைக்காரர் பொறுமை இழந்து, "சார், லாரி ஸ்டார்ட் ஆகி நிக்குது. எப்பக் கிளம்பும்?" என்றார்.

பக்கத்தில் ஹெட்போன் பார்த்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். எனக்கு மானமே போனது.

அப்பா எதையும் கண்டுகொள்ளவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் பதித்து, பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். அடுத்தது.

அப்பா கப்பலில் இன்ஜின் ரூம் ஃபிட்டராக இருந்தவர். ரிட்டயர் ஆகி வந்ததிலிருந்து தூக்கம் இல்லை. மாத்திரையும் எடுபடவில்லை. அம்மாவாவது தூங்கட்டும் என்று ஹால் சோபாவுக்கு வந்துவிட்டார். கண்ணுக்குக் கீழே கரி பூசினமாதிரி இருக்கும். வேலையும் இல்லை, வெயிலும் இல்லை, படுத்தால் தூங்கவேண்டியதுதானே, அப்படி என்ன பிரச்சினை என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டேவிட்டேன்.

"கப்பல்ல இன்ஜின் ஓடுறவரைக்கும் நிம்மதியாத் தூங்குவோம்மா. நின்னுச்சுன்னா அந்த நிமிஷமே அத்தனை பேரும் முழிச்சுக்குவோம். ஏதோ கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்" என்றார். "இந்த வீட்ல அது நின்னே கிடக்குது."

இன்னும் கப்பலில் இருக்கும் கூட்டாளி ஒருவர் இன்ஜின் சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பினார். போனில் போட்டால் கொசு மாதிரி இருந்தது. அதற்குத்தான் இந்தக் கடை.

பெரிய பெட்டி ஒன்று நெஞ்சுக்கூட்டை ஆட்டியது. அது தியேட்டருக்கு என்றார் அப்பா. அடுத்தது வெறும் ஜெனரேட்டராம். கடைசியாகக் கடைக்காரர், சோபாவுக்கு அடியில் தள்ளிவிடக்கூடிய தட்டைப் பெட்டி ஒன்றை எடுத்துவந்தார்.

அது உறுமவில்லை. முனகியது. தரைக்குள்ளிருந்து வந்து, பாதம் வழியாக ஏறி, அப்படியே உடம்புக்குள் பரவியது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பஸ்கள் ஓசையில்லாமல் போயின. நகர்வது பஸ்ஸா, கடையா என்றே தெரியவில்லை. எங்களைத் தூக்கிக்கொண்டு கடை மெதுவாக எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் தோன்றியது.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அப்பாவின் தலை சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. எழுப்பலாமா என்று பார்த்தேன். கடைக்காரர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அடுத்த வாடிக்கையாளரிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

விழித்ததும் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். கீழ் வீட்டுக்குச் சத்தம் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார். அடுத்தவர் தூக்கத்தைக் கெடுத்துத் தனக்குத் தூக்கம் வேண்டாமாம். கடைக்காரர் ஒத்துக்கொண்டார்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, பெட்டி திரும்பிப் போகப்போகிறது என்று. கீழ் வீட்டு ஆன்ட்டிக்கு இந்தக் கட்டடத்தில் சைரன் என்று பெயர். நாற்காலியை இழுத்தால் வருவார். வாஷிங் மெஷின் போட்டால் வருவார். நான் தும்மியதற்குக்கூட ஒருதடவை மேலே பார்த்துக் கத்தியிருக்கிறார். வீட்டுக்கு வந்து பெட்டியைச் சோபாவுக்கு அடியில் தள்ளியதும், மறைத்துப் பிரயோசனமில்லை, நேராகப் போய்க் கேட்டுவிட்டு வா என்று அப்பா என்னையே அனுப்பினார்.

கதவைத் திறந்த சைரன் என்னை மேலும் கீழும் பார்த்தார். விஷயத்தை அப்படியே சொன்னேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. கப்பல், இன்ஜின், சோபா, பெட்டி. அவர் நாற்காலியைக் காட்டினார். நான் அப்பாவுக்கு போன் செய்து, போடச் சொன்னேன்.

வந்தது. கூரை வழியாக, சுவர் வழியாக, தெளிவாக வந்தது. மேஜையில் இருந்த டம்ளர் தண்ணீர் வட்டம் வட்டமாக நெளிந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மத்தியான வெளிச்சத்தில் அந்த ஹாலே கரையை விட்டுக் கிளம்பியமாதிரி இருந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவுதான், முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"கேக்குதாம்மா?" போனில் அப்பாவின் குரல். பயந்த குரல்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஆன்ட்டி போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணுமே கேக்கல சார். போட்டீங்களா, இல்லையா?"

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு. அப்பா நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மேலே சோபா ஸ்பிரிங் அழுந்துவது கேட்டது.

நான் விடவில்லை. "ஏன் ஆன்ட்டி பொய் சொன்னீங்க? கண்ணாடியே ஆடுது."

"ஆடிட்டுப் போகட்டும்" என்றார். "உங்கப்பா ராத்திரி பூரா நடக்கறாரே, உனக்குத் தெரியாதா? ஹால்லேர்ந்து பால்கனி, பால்கனிலேர்ந்து ஹால்."

எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில்தான் இருக்கிறேன். அப்புறம் ஏன் இத்தனை நாள் சண்டைக்கு வரவில்லை என்று கேட்டேன்.

"திம்மு திம்முன்னு நடந்திருந்தா வந்திருப்பேன்" என்றார் ஆன்ட்டி. "என்னை எழுப்பிடக் கூடாதுன்னு நுனிக்கால்ல நடக்கறார்மா. அதைக் கேட்டுக்கிட்டு எப்படித் தூங்கறது?"