தங்கச்சி தூங்குறா

மதியம் மூன்று மணி வெயில் தையல்கடைக் கண்ணாடி வழியே நீண்டு வந்து, மெஷின்மேல் தலை சாய்த்துத் தூங்கும் தங்கையின் காதோரம் விழுகிறது. விரலிடுக்கில் நீலச் சாக்குக்கட்டி, கன்னத்துக்கடியில் பாதி மடித்துத் தைத்த கால்சட்டை. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா, பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓசைப்படாமல் அருகே வருகிறாள். எட்டு வருடங்களுக்கு முன் இதே தங்கை அன்னந்தண்ணீர் இல்லாமல் சுவரைப் பார்த்துக் கிடந்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன. தோளைத் தொடுகிறாள். "மறுபடியும் மனசு சரியில்லையாடி?" தங்கை கண்ணைத் திறக்காமலே சிரிக்கிறாள். "மனசு நல்லாத்தான் இருக்குக்கா. மனசுக்குன்னு போடுற மாத்திரையால உடம்புதான் ஈரத்துணி மாதிரி கனக்குது." "டாக்டர்கிட்ட சொன்னியா?" தங்கையின் சிரிப்பு நின்றுவிடுகிறது. "சொன்னா மாத்திரையை நிறுத்திடுவாரோன்னு பயமா இருக்கு. பழையபடி கிடக்க என்னால முடியாது. அதுக்கு இந்தத் தூக்கமே தேவலக்கா." அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்காருகிறாள். "நிறுத்தச் சொல்லியா கேக்கப்போறோம்? அசதிக்கு என்ன வழின்னு கேப்போம். நானும் கூட வர்றேன்."  அதற்குள் தங்கையின் மூச்சு தூக்கத்தில் சீராகிவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் துணிப்பையோடு உள்ளே வருகிறார். இத்தனை நாள் இப்படி யாராவது வந்தால் அவசரமாக உலுக்கி எழுப்பிவிடும் அக்கா, இன்று எழுந்திருக்கவுமில்லை. "அரை மணி கழிச்சு வாங்க," என்கிறாள் தணிந்த குரலில். "தங்கச்சி தூங்குறா."